இலை வெளுத்தால் உரத்தைத் தேடாதீர்கள்: விளக்கொளியில் வளரும் செடிக்குச் சத்துக் குறைவா, வெளிச்சம் அதிகமா?

வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் வளர்த்த என் மிளகாய்ச் செடியில் உச்சி இலைகள் வெளுக்கத் தொடங்கின. மேல் இலை வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு என்று படித்திருந்தேன். உடனே இரும்புச் சத்து வாங்கிக் கரைத்து ஊற்றினேன். பத்து நாள் ஆயிற்று. வெளுப்பு கூடியதே தவிர குறையவில்லை. அளவு போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஒரு நாள் காலையில், விளக்கு எரியத் தொடங்கும் முன், செடியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகப் பார்த்தேன். நன்றாக வெளுத்திருந்த ஓர் இலையின் மேல் இன்னொரு சின்ன இலை படிந்திருந்தது. அதை விரலால் விலக்கியபோது, அடியில் அந்தச் சின்ன இலையின் வடிவம் அப்படியே பச்சையாக இருந்தது. காம்பு, கூர்நுனி எல்லாம் தெரிகிற மாதிரி அச்சு எடுத்தது போல. சுற்றிலும் வெளுப்பு, நடுவில் அந்தப் பச்சை.

இரும்புதான் குறை என்றால் நிழல் விழுந்த இடம் மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கும்? ஓர் இலைக்குள் ஓடும் சாறு ஒன்றுதான். அந்த இலைக்கு மேலிருந்து வந்த தொல்லைக்கு நான் கீழே வேரில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். விளக்கை ஒரு முழம் உயர்த்தினேன். அடுத்து வந்த இலைகள் நல்ல பச்சையில் விரிந்தன.

அதற்குப் பிறகு எந்தச் செடியில் எது தெரிந்தாலும் நிறத்தை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது, அது செடியில் எந்த இடத்தில் தெரிகிறது என்பதை. மஞ்சள் நிறத்துக்குப் பத்துக் காரணம் இருக்கலாம். ஆனால் அடி இலையில் வரும் மஞ்சளுக்கும் தளிரில் வரும் மஞ்சளுக்கும் விளக்குக்கு நேர் கீழே மட்டும் வரும் மஞ்சளுக்கும் காரணங்கள் வேறு வேறு. இடத்தைப் பிடித்துவிட்டால் பத்து காரணம் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

அடி இலையா, தளிரா?

செடிக்கு இன்றியமையாதவை என்று 17 தனிமங்களைக் கணக்கிடுகிறார்கள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்துவிடும். மீதி 14-ஐ வேர்தான் உறிஞ்சியாக வேண்டும். இவற்றில் சில, ஒரு முறை இலைக்குப் போன பிறகும் அங்கிருந்து கிளம்பி வேறு இடத்துக்குப் போகக்கூடியவை. தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ், சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம், அப்புறம் மக்னீசியம், இந்த நான்கும் அந்த வகை. வேரிலிருந்து வரத்து குறைந்தால் செடி சும்மா இருக்காது. முதிர்ந்த இலையில் இருப்பதைப் பிரித்தெடுத்துத் தளிருக்கு அனுப்பும். அதனால் இந்த நான்கில் எது குறைந்தாலும் முதலில் வாடுவது அடி இலைதான். மேலே கொழுந்து பச்சையாக, ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

கால்சியம், இரும்பு, போரான் போன்றவை அப்படி இல்லை. ஓர் இலையில் போய்ப் படிந்தால் படிந்ததுதான், பெரும்பாலும் திரும்பி வராது. வரத்து நின்றால் பழைய இலைகள் தங்களிடம் உள்ளதை வைத்துக்கொண்டு நன்றாகவே இருக்கும். புதிதாக வரும் இலைக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. ஆகவே இவற்றின் குறை தளிரில் தெரியும்.

தொடக்கத்தில் இந்த ஒரு பிரிவினையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். படங்கள் போட்ட பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட இது பல மடங்கு பயன் தரும். அந்தப் படங்களில் ஒரே ஓர் இலையைக் கிள்ளி வைத்துப் படம் எடுத்திருப்பார்கள். அது செடியின் எந்த உயரத்திலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் தெரியாது.

அடியிலிருந்து மேலே ஏறுபவை

நைட்ரஜன் குறைந்தால் அடி இலை முழுவதும், நரம்பு உட்பட, ஒரே சீராக வெளிறி மஞ்சளாகும். புள்ளியோ கோடோ இருக்காது. மஞ்சள் மெல்ல மேல்நோக்கி ஏறும், கீழே உள்ள இலைகள் தொட்டாலே உதிரும். செடி முழுவதுமே ஒரு வெளிர் பச்சைக்கு வந்துவிடும். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் சரியாகக் கண்டுபிடிக்கும் குறை இதுதான்.

மக்னீசியத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பச்சைய மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அணு மக்னீசியம்தான். அது குறைந்து, செடி முதிர்ந்த இலையிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும்போது, நரம்புகளை ஒட்டிய பகுதி கடைசி வரை பச்சையாக நிற்கும், நரம்புகளுக்கு இடைப்பட்ட சதைப்பகுதி மஞ்சளாகும். தக்காளியில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நடு நரம்பிலிருந்து கிளை நரம்புகள் பச்சைக் கோடாக ஓட, நடுநடுவே மஞ்சள் திட்டுகள். நாள் போகப் போக அந்தத் திட்டுகள் பழுப்பாகிக் காயும்.

பொட்டாசியக் குறை இலையின் ஓரத்தில் தொடங்கும். அடி இலையின் விளிம்பு மஞ்சளாகி, பின் தீயில் காட்டியது போலப் பழுப்பாகிச் சுருளும். இலையின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். மக்னீசியத்தில் உள்ளிருந்து மஞ்சள், பொட்டாசியத்தில் ஓரத்திலிருந்து கருகல். இரண்டையும் பிரிக்க இது போதும்.

பாஸ்பரஸ் குறைந்த செடி மஞ்சளாவதே அபூர்வம். வளர்ச்சி குன்றி, இலை மங்கலான கரும்பச்சையாகி, இலையின் அடிப்புறமும் தண்டும் ஊதா பூசும். ஆனால் ஊதாவைப் பார்த்ததும் பாஸ்பரஸ் உரத்தைக் கையில் எடுக்க வேண்டாம். வேர்ப்பகுதி குளிர்ந்திருந்தால் மண்ணில் பாஸ்பரஸ் இருந்தும் வேர் எடுக்காது. வலுவான வெளிச்சத்தில் சில செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள ஊதா நிறமியைச் சுரக்கும். சில ரகங்களுக்குப் பிறவியிலேயே ஊதா உண்டு. செடி நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால் ஊதாத் தண்டைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

தளிரில் தொடங்குபவை

இரும்புக் குறை என்றால் புத்தம் புதிய இலை மஞ்சளாகவே பிறக்கும். இந்தச் சொல்லை நன்றாகக் கவனியுங்கள், *பிறக்கும்*. பச்சையத்தைக் கட்டும் வேலைக்கே இரும்பு தேவைப்படுவதால் அந்த இலை ஒருநாளும் பச்சையாக இருந்திருக்காது. மஞ்சள் இலையில் மிக மெல்லிய நரம்புகள் கூட வலை பின்னியது போலப் பச்சையாகத் தெரியும். கடுமையானால் நரம்பும் வெளுத்து இலை யானைத் தந்தத்தின் நிறத்துக்குப் போய்விடும். என் மிளகாய் இலைகள் நல்ல பச்சையில் விரிந்து, அப்புறம்தான் வெளுத்தன. அந்த வித்தியாசத்தை அன்று நான் கவனித்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

இரும்புக் குறையில் இன்னொரு சிக்கல். தொட்டியில் இரும்பு இல்லாமல் போவது குறைவு. இருக்கும் இரும்பு கரையாமல் கிடப்பதுதான் வழக்கம். வேர்ப்பகுதியின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7-ஐத் தாண்டினால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். அங்கே இன்னும் இரும்பு கொட்டினாலும் அதுவும் போய்ப் படியும். பிஎச்சைச் சரி செய்வதுதான் மருந்து. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கொடுக்கு இணைப்பில் (chelate, இரும்பைப் படியவிடாமல் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் சேர்மம்) உள்ள இரும்பாகக் கொடுக்க வேண்டும். அதிலும் ஈடிடிஏ (EDTA) வகை பிஎச் 6.5 அளவுக்கு மேல் நம்ப முடியாதது. டிடிபிஏ (DTPA) வகை 7.5 வரை தாங்கும். ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை அதற்கும் மேலே வேலை செய்யும். வாங்கும் பாக்கெட்டில் இந்த எழுத்துகளைத் தேடிப் பாருங்கள்.

கால்சியம் விஷயம் முற்றிலும் வேறு. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போகும்போது ஏற்படும் இழுப்புதான் அதை ஏற்றிக்கொண்டு வருகிறது. அதிகம் ஆவியாக்கும் பெரிய இலைக்கு அதிகம் கிடைக்கும். சுருண்டிருக்கும் கொழுந்தும் காயும் அதிகம் ஆவியாக்காது. அதனால் தொட்டியில் கால்சியம் தாராளமாக இருந்தும் கொழுந்துக்கும் காய்க்கும் போய்ச் சேராமல் போகலாம். கொழுந்து இலையின் நுனி கருகும், இலை கோணலாக, கொக்கி போல வளைந்து விரியும். லெட்டூஸில் உள் இலைகளின் ஓரம் பழுப்பாகும். தக்காளியில் காயின் அடிப்பக்கம் கருத்துக் குழி விழும். இவை எல்லாம் ஒரே கதையின் வேறு வேறு முகங்கள்.

விளக்கின் கீழ் வளர்ப்பவர்களை இது அடிக்கடி பிடிக்கக் காரணம் இருக்கிறது. பழைய சோடியம் விளக்குகள் வெப்பக் கதிரை இலை மேல் கொட்டின. எல்இடி அவ்வளவு கொட்டுவதில்லை. அதே அறை வெப்பத்தில் எல்இடியின் கீழுள்ள இலை சற்றுக் குளிர்ந்து இருக்கும், ஆவியாவதும் குறையும். அறையில் காற்றோட்டமும் இல்லாமல், ஈரப்பதமும் கூடியிருந்தால் கொழுந்து வரை கால்சியம் ஏறாது. ஒரு சின்ன மின்விசிறியை இலைகள் லேசாக அசையும்படி வைத்தாலே பல நேரம் தீர்ந்துவிடும். புட்டியில் விற்கும் கால்சியம் மக்னீசியம் கரைசலை வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கந்தகம் குறைந்தால் நைட்ரஜன் குறை போலவே சீரான வெளிறல், ஆனால் தளிரில். துத்தநாகம் குறைந்தால் இலை சிறுத்துக் கணுக்கள் நெருங்கி, உச்சி ஒரு கொத்தாக நிற்கும். மாங்கனீசு இரும்பைப் போலவே நரம்பிடையில் மஞ்சளைக் காட்டும், கூடவே சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளும் விழும். போரான் குறைந்தால் வளர்முனையே கருகி, பக்கவாட்டில் கிளைகள் வெடிக்கும். எல்லாச் சத்தும் கலந்த உரம் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவருகிறவர்கள் இந்த நான்கையும் அடிக்கடி பார்க்க மாட்டார்கள்.

விளக்கு விட்டுச்செல்லும் தடம்

சத்துக் குறை இலையின் வயதைப் பின்பற்றும். ஒளி மிகை இலையின் வயதைப் பார்க்காது, விளக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். விளக்குக்கு நேர் கீழே, நடுவில், உயரமாக நிற்கும் கிளை முதலில் வெளுக்கும். அதே செடியில் ஓரத்துக்குச் சாய்ந்த கிளையின் கொழுந்து அதே வயதில் இருந்தும் பச்சையாக இருக்கும். ஒரே வயதுள்ள இரண்டு இலைகள், ஒன்று வெளிச்சத்தில், ஒன்று நிழலில். இந்த ஜோடியைத் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள்.

இலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அறிகுறிகள் தாமாகப் புரியும். இலை பெறும் ஒளியில் ஓரளவைத்தான் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்த முடியும். மிஞ்சும் ஆற்றலைச் செடி வெப்பமாக மாற்றி வெளியேற்றப் பார்க்கும். அதற்கென்றே சாந்தோஃபில் என்ற மஞ்சள் நிறமிகள் உள்ளன. பச்சையத்தைத் தாங்கியிருக்கும் பசுங்கணிகங்கள் செல்லின் பக்கச் சுவர்களை ஒட்டி நகர்ந்து ஒளியிலிருந்து ஒதுங்கும். இலையும் தன் பங்குக்கு விளிம்பை மேல்நோக்கி மடித்து, படகு போலக் குவிந்துகொண்டு, ஒளி படும் பரப்பைக் குறைக்கும். வெளுப்பு வருவதற்கு முன்பே தெரியும் அறிகுறி இந்தக் குவிதல்தான். ஒளியைப் பிடிக்கும் அமைப்பில் டி1 என்ற புரதம் ஒன்று தினமும் சேதமாவதும் செடி அதைப் புதுப்பிப்பதும் வாடிக்கை. சேதம் வேகமாகவும் புதுப்பிப்பு மெதுவாகவும் ஆகும்போது இலை பின்தங்கத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் பச்சையமே சிதையும். அப்போது காண்பதுதான் வெளுப்பு. பல நேரம் மஞ்சளைத் தாண்டி வெண்மைக்கே போய்விடும்.

இனி அளவுகள். செடிக்குப் பயன்படும் ஒளியை ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று அளக்கிறார்கள். பிபிஎஃப்டி என்று விளக்குப் பெட்டிகளில் போட்டிருப்பது இதைத்தான். உச்சி வெயில் சுமார் 2000. நாற்றுக்கு 100 முதல் 200 போதும். லெட்டூஸ், கீரை வகைகளுக்கு 200 முதல் 300 நன்றாக இருக்கும். காய்க்கும் தக்காளி, மிளகாய் இன்னும் அதிகம் கேட்கும்.

ஆனால் நொடிக்கு எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். செடி நாள் முழுவதும் வாங்கிய மொத்தத்தைப் பார்க்க வேண்டும். பிபிஎஃப்டியை விளக்கு எரியும் மணி நேரத்தால் பெருக்கி, 0.0036-ஆல் பெருக்கினால் ஒரு நாளின் மொத்த ஒளி மோல் கணக்கில் கிடைக்கும். 300 பிபிஎஃப்டியில் 16 மணி நேரம் என்றால் 17.28 மோல். லெட்டூஸுக்கு 12 முதல் 17 வரை, தக்காளிக்கு 20 முதல் 30 வரை என்பது நல்ல வரம்பு. அளக்கும் கருவி இல்லாதவர்கள் கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியை வைத்துத் தோராயமாகக் கணிக்கலாம். வெள்ளை எல்இடி ஒளியென்றால் லக்ஸ் எண்ணை 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பிபிஎஃப்டி வரும். 21,000 லக்ஸ் என்றால் சுமார் 300. ஊதா நிறத்தில் எரியும் சிவப்பு நீல விளக்குகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னக் குமிழ் விளக்கை 60 செ.மீ.-இலிருந்து 30 செ.மீ.-க்கு இறக்கினால் நேர் கீழே ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். அகலமான பலகை விளக்கில் அந்த அளவுக்கு ஏறாது. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, விளக்கு அதே இடத்தில் இருக்கச் செடி வளர்ந்துகொண்டே போகிறது என்பது. வாரத்துக்கு 5 செ.மீ. வளரும் செடி ஒரு மாதத்தில் 20 செ.மீ. பக்கத்தில் வந்துவிடும்.

இரவும் தேவை. 24 மணி நேரமும் விளக்கை எரியவிட்டால் தக்காளி இலைகள் நரம்பிடையில் மஞ்சளாகிக் கெட்டுப்போகும். மக்னீசியக் குறை என்றே நினைக்கத் தோன்றும். நாளுக்கு 6 முதல் 8 மணி நேரமாவது இருட்டு கொடுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு ஒல்லியாக நீண்டு, கணுக்கள் தள்ளித் தள்ளி விழும், செடி விளக்கின் பக்கம் சாயும். மேல் இலைகளின் நிழலில் கிடக்கும் அடி இலைகளைச் செடி வேண்டாமென்று கைவிடும். அவை சீராக மஞ்சளாகி உதிரும். பார்க்க நைட்ரஜன் குறை போலவே இருக்கும். ஆனால் மேலே எல்லாம் கரும்பச்சையாக, வளர்ச்சி நன்றாக இருந்தால், உதிர்வது நிழலில் உள்ள இலைகள் மட்டும் என்றால், உரம் தேவையில்லை.

நிழல் அச்சை எப்போதும் நம்பலாமா?

என் மிளகாய் இலையில் கண்ட பச்சை அச்சைப் பற்றி மேலே சொன்னேன். அதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். மக்னீசியமோ பொட்டாசியமோ குறைந்த இலை சாதாரண வெளிச்சத்தைக் கூடத் தாங்காது. அந்தச் சத்துகள் குறைந்தால் இலையில் தயாரான சர்க்கரை வெளியே போக முடியாமல் தேங்கும், ஒளிச்சேர்க்கை தடைபடும், மிஞ்சிய ஒளி இலையையே தாக்கும். அப்படிப்பட்ட இலையின் ஒரு பகுதிக்கு நிழல் கொடுத்தால் அந்தப் பகுதி பச்சையாகவே நிற்கும்.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? மறுபடியும் இடம்தான். நிழல் அச்சு உச்சி இலையில், விளக்குக்கு அருகில் இருந்தால் ஒளி மிகை. நடுத்தர அல்லது முதிர்ந்த இலையில், நரம்பிடை மஞ்சளோடு சேர்ந்து இருந்தால், ஒளியின் அளவும் சரியாகவே இருந்தால், மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. வலுவான விளக்கை வாங்கி மாட்டிய வாரத்தில் திடீரென்று சத்துக் குறைகள் தலைகாட்டுவது இதனால்தான். ஒளி கூடினால் செடி வேகமாக வளரும், சத்தும் அதிகம் கேட்கும். பழைய விளக்கில் போதுமாக இருந்த உரம் இப்போது போதாது.

வேர் பசியோடு இருப்பது ஏன்?

குறை தெரிகிறது என்பதாலேயே தொட்டியில் சத்து இல்லை என்று ஆகாது. உரம் போட்டும் செடி தேறவில்லை என்றால் பெரும்பாலும் தடை வேரில் இருக்கிறது.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல் வர வேண்டும். எப்போதும் ஈரமாகக் கிடக்கும் ஊடகத்தில் (தொட்டியில் வேரைத் தாங்கும் மண் கலவை, நார்த்தூள் போன்றவை) வேருக்கு மூச்சுவிடக் காற்று இருக்காது. மூச்சு முட்டிய வேரால் சத்தை இழுக்க முடியாது. அதனால் தொட்டி ஈரமாக இருந்தும் இலை கனத்துத் தொங்கும், அடி இலை மஞ்சளாகும். அதைப் பார்த்துச் செடி தாகத்தில் இருக்கிறது என்று மேலும் தண்ணீர் விடுகிறோம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் பொறுங்கள். இரண்டு வாரம் தூக்கிப் பழகினால் கையே சொல்லிவிடும்.

அடுத்தது பிஎச். மண் கலவையில் 6.0 முதல் 6.8, தென்னை நார்த்தூளிலும் வெறும் நீரிலும் வளர்ப்பவர்களுக்கு 5.5 முதல் 6.2. இந்த எல்லைக்கு வெளியே போனால் உரப்பெட்டியில் உள்ளது பெட்டியில் இருந்ததற்குச் சமம். கடின நீரில் உள்ள பைகார்பனேட் ஊடகத்தின் பிஎச்சை வாரா வாரம் மெல்ல உயர்த்திக்கொண்டே போகும். சிக்கல் இரண்டு மாதம் கழித்து இரும்புக் குறையாக வெளியே வரும். ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரில் நேர் எதிரான சிக்கல். அதில் கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்ட இருக்காது.

தென்னை நார்த்தூளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பரப்பு, பிறவியிலேயே பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் ஊற்றும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தான் இழுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விடும். செடிக்குப் போக வேண்டியதை நார்த்தூள் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நார்த்தூளை நடுவதற்கு முன் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் உப்பு போகும், ஆனால் இந்தப் பிடிப்பு போகாது.

உரம் மிகுவதும் குறை போலவே தோன்றும். எல்லா இலைகளின் நுனியும், மேலும் கீழும், ஊசி முனை அளவு பழுப்பாகி, பின் ஓரமாகப் பரவினால் உரம் அதிகம் என்று பொருள். பொட்டாசியக் குறை அடி இலைகளில் மட்டும் ஓரத்தைக் கருக்கும், உர மிகை வயது பார்க்காமல் நுனியிலிருந்து கருக்கும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கரைசலின் உப்புச் செறிவை அளக்கும் ஈசி மீட்டர் கையில் இருந்தால் இந்த இடத்தில் அது பெரிய உதவி. உள்ளே ஊற்றும் கரைசலையும், தொட்டியின் அடியில் வழிந்து வருவதையும் அளந்து பாருங்கள். வழிவது ஊற்றியதைவிட மிகவும் கூடுதலாகக் காட்டினால் உப்பு தேங்கியிருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் இறங்கும்.

ஒரு லென்ஸ்

எதையும் ஊற்றுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. செஞ்சிலந்தி இலைச்சாற்றை உறிஞ்சினால் இலையின் மேல்புறம் ஊசியால் குத்தியது போலப் பொடிப் புள்ளிகளாக வெளுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மக்னீசியக் குறை என்றுதான் தோன்றும். அடிப்புறத்தில் நகரும் புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் விஷயம் முடிந்தது. இலைப்பேன் சுரண்டினால் வெள்ளி பூசியது போலத் திட்டுகளும், கூடவே மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளும் தெரியும். பச்சையும் மஞ்சளும் ஒழுங்கில்லாமல் கலந்து, இலை நெளிந்து வந்தால் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு எந்த உரமும் உதவாது. அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

மருந்து கொடுக்கும்போது

ஒரே நாளில் விளக்கை உயர்த்தி, பிஎச்சைத் திருத்தி, மக்னீசியம் தெளித்து, உரத்தையும் மாற்றினால் செடி தேறலாம். எதனால் தேறியது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டி வரும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் செலவில்லாததில் தொடங்குங்கள். விளக்கின் உயரம், தண்ணீரின் இடைவெளி, காற்றோட்டம், இந்த மூன்றுக்கும் காசு வேண்டாம்.

ஒளி மிகை என்று தெரிந்தால் விளக்கை உயர்த்தலாம், மங்கலாக்கும் வசதி இருந்தால் குறைக்கலாம். எரியும் நேரத்தைக் குறைப்பதும் ஓரளவு உதவும், ஆனால் உச்சி இலையில் விழும் ஒளியின் வலு அதனால் குறையாது. புது விளக்கு மாட்டும்போது பாதி வலுவில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் ஏற்றிக்கொண்டு போங்கள். வெளிச்சத்துக்குப் பழகுவதற்குச் செடிக்கு அவகாசம் தேவை.

மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையின் இருபுறமும் தெளிக்கலாம். விளக்கு அணைந்த பிறகு தெளியுங்கள். வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று வாரம். இலை மூலம் கொடுப்பது அவசர உதவி மட்டும்தான். வேர் வழியாகவும் சரி செய்ய வேண்டும். நைட்ரஜன் குறைக்கு வழக்கமான உரத்தின் அளவைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், ஒரு வாரத்தில் நிறம் மாறும்.

எது சரியாகும், எது ஆகாது என்று தெரிந்திருந்தால் வீண் பதற்றம் வராது. நைட்ரஜன், மக்னீசியக் குறையில் லேசாக மஞ்சளான இலை ஓரளவு திரும்பப் பச்சையாகும். காய்ந்த பழுப்பும் வெண்மையாக வெளுத்த இடமும் திரும்பாது. கால்சியம் இல்லாமல் கோணலாக விரிந்த இலை கோணலாகவே இருக்கும். ஆகவே பழைய இலையைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. மாற்றம் செய்த அன்று உச்சியில் இருக்கும் கொழுந்தின் காம்பில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். நூலுக்கு மேலே வருபவை எல்லாம் மருந்துக்குப் பிந்தியவை. ஏழு முதல் பத்து நாளில் அவற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடவே கைபேசியில் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு படம். ஊதா விளக்கில் எடுத்த படத்தில் எல்லா இலையும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும், மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

பாதிப் பச்சை உள்ள இலையைக் கிள்ளிப் போட வேண்டாம். அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. என் மிளகாய்ச் செடியில் அந்தப் பச்சை அச்சு விழுந்த இலையை நான் எடுக்கவில்லை. மேலே புது இலைகள் விரிந்து மூடும் வரை, ஏறக்குறைய ஆறு வாரம், அது அப்படியே இருந்தது. வெளுத்த பகுதி காகிதம் போல மெலிந்து கடைசியில் கிழிந்தது. அச்சு விழுந்த அந்தச் சின்ன இடம் மட்டும் உதிரும் நாள் வரை பச்சையாகவே இருந்தது.